வாரேன் என்று சொன்னவர்

ஒரு காரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமென்றால், காலையில் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகிறது என்று சொன்னால் போதும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். கஸ்பார் மாமாவின் வெள்ளை அம்பாசடரை நான் நான்கு வருடம் பார்த்துக்கொண்டேன். அந்த நான்கு வருடமும் அது காலையில் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. இதை முதலில் எழுதிவிடுகிறேன் சார். என் வேலையில் குறை இருந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுது என்றீர்கள். எனக்கு அது சிரமமில்லை. விட்ட படிப்பைத் தொடர நான் போகிற மாலை வகுப்பில் எங்கள் தமிழாசிரியர் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லிப் பழக்கியிருக்கிறார். வரிசையாக எழுத வரும். ஆனால் எழுதி முடித்ததும், இப்படித்தான் நடந்ததா என்ற சந்தேகமும் கூடவே வரும். நட்டை முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, முடுக்கினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான்.

என் பெயர் ஆண்டனிராஜ். கார் ஓட்டுவதும் பராமரிப்பதும் வேலை. கஸ்பார் மாமா சொந்த மாமா இல்லை. அடுத்த தெருக்காரர், ஆணி, பெயிண்ட் விற்கும் கடை வைத்திருப்பவர். என் அம்மா சவேரியம்மாள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டாள். அதனால் எனக்கு மாமா. அவர் மனைவி ஆனந்தமேரி எனக்கு அத்தை. போன டிசம்பரில் அத்தை மாரடைப்பால் இறந்தாள் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும். அது சரிதான். நான் சொல்ல வந்தது, மாரடைப்பு தொடங்கியதற்கும் அவள் இறந்ததற்கும் நடுவில் இருந்த நேரத்தைப் பற்றி.

அதற்கு, அந்த அம்பாசடர் வந்து இறங்கிய நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

1991. எனக்குப் பத்து வயது. எங்கள் இரண்டு தெருவுக்கும் சேர்த்து அதுதான் முதல் கார். சனிக்கிழமை காலையில் வந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மறுநாள் பூசை முடிந்து சாமியார் வந்து காரை மந்திரிப்பதாக ஏற்பாடு. அன்று மத்தியானம் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அப்பா திருப்பூரில் வேலையில் இருந்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, “மாமாட்ட போயி காரை எடுத்துட்டு வரச் சொல்லு” என்றாள். ஓடினேன். மாமா பனியனோடு நின்று காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் துணியைக் கீழே போட்டார்.

“நீ முன்னால போ அப்பு. வாரேன்” என்றார்.

எங்கள் ஊரில் வாரேன் என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. வருகிறேன் என்பது ஒன்று. கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வது ஆகாது என்பதற்காகச் சொல்வது இன்னொன்று. பத்து வயதில் எனக்கு முதல் பொருள் மட்டுமே தெரிந்திருந்தது. ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையை வாரிக்கொண்டு, சேலை மாற்றி, ஒயர் கூடையில் துண்டும் டம்ளரும் வைத்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

அப்போது காத்தமுத்துவின் குதிரை வண்டி காலியாக வந்தது.

“என்ன தங்கச்சி, மொகமெல்லாம் வேத்திருக்கு. ஆஸ்பத்திரிக்கா? ஏறு, விட்டுட்டுப் போறேன்.”

“வேணாம்ண்ணே. கஸ்பார் அண்ணன் காரோட வாரேன்னுருக்காக. அவுக வந்து நிக்கையில நான் குதிரை வண்டில போயிருந்தா மனுசன் என்ன நினைப்பாக?”

காத்தமுத்து சிரித்தார். “சரித்தான். காரு வந்துருச்சு, இனி எங் குதிரைய எவன் மதிப்பான்?” என்று சவுக்கைத் தட்டிக்கொண்டு போனார்.

கார் வரவில்லை. அம்மா தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தார் போய் அதே குதிரை வண்டியைக் கூட்டிவந்து அவளை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது கூடை மட்டும் அவள் கையில் இறுகியிருந்தது.

அடக்கத்துக்கு மாமா நடந்து வந்தார். கடைசி ஆளாக நின்றார். எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள், எனக்குக் கேட்கும் என்று தெரியாமல், இன்னொருத்தியிடம் சொன்னாள்: “மந்திரிக்காத வண்டில்ல. மொதச் சவாரியே சாவுச் சவாரியா ஆயிரக் கூடாதுன்னு இருந்திருப்பாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல.”

அந்த வாக்கியத்தை நான் வைத்துக்கொண்டேன். வேறு யாரும் எனக்கு வேறு காரணம் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, திருச்சி ரோட்டில் சௌகத் அலி பாயின் பட்டறையில் சேர்ந்தேன். கார்களைக் கற்றுக்கொண்டால் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன். என்ன வழி என்று அப்போது தெரியாது. வழி தானாகவே வந்தது. 2000இல் மாமா பட்டறைக்கு வந்து, என்னைத் தன் காருக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

“தாராளமாக் கூட்டிட்டுப் போங்க கஸ்பாரு” என்றார் பாய். “ஆனா ஒன்னு. இவன் ஒரு நட்ட முடுக்குனா மூணு தடவ தொட்டுப் பாப்பான். இவன நம்பிக் கல்யாணத்துக்குக் கிளம்புனீங்க, போய்ச் சேரங்குள்ள பொண்ணு புள்ள பெத்துரும்.”

மாமா சிரிக்கவில்லை. “மூணு தடவ பாக்குறவந்தேன் எனக்கு வேணும்” என்றார்.

அவர் என்னை நன்றாக நடத்தினார். அதையும் எழுத வேண்டும். வகுப்புக்கு நேரமானால் கடையிலிருந்தபடியே, “ஏலே, மணியப் பாரு, கிளம்பு” என்று விரட்டுவார். அத்தை எனக்கென்று குழம்பும் வெஞ்சனமும் தனியாக எடுத்து வைப்பாள். ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. அந்த நான்கு வருடத்தில் மாமா ஒரு நாளும் ஸ்டேரிங்கைத் தொடவில்லை. ஷெட்டிலிருந்து காரை வெளியே எடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொள்வார். முதலாளித்தனம் என்று நினைத்தேன்.

அம்மாவுக்காக முதலில் பிரேக்கில் கை வைப்பது பற்றி யோசித்தேன், விட்டுவிட்டேன். ரோட்டில் சம்பந்தமில்லாதவர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மாமா சாக வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை. தன் வீட்டில் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, கார் வரும் வரும் என்று அவர் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் விருப்பம். அந்த நாற்காலியில் உட்காரக்கூடியவர் வீட்டில் ஒருவர்தான் இருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

போன வருடம் அத்தைக்கு இருதயத்தில் கோளாறு என்று மதுரையில் சொன்னார்கள். வலி வந்தால் மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துவிட்டு உடனே புறப்பட்டுவிட வேண்டும், தாமதம் கூடாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது கொடைரோடு தாண்டியதும் மாமா பின்னாலிருந்து சொன்னார்.

“அப்பு, இந்த வண்டிய மாத்திருவோம். வயசாயிப் போச்சு. அத்தையக் கூட்டிட்டுப் போறப்ப எங்கயாச்சும் நின்னுக்கிட்டா?”

“பாப்போம் மாமா” என்றேன்.

பழைய காராக இருந்தாலும் நல்லதாகப் பார்ப்போம் என்றார். பார்த்தோம். செம்பட்டியில் ஒரு வண்டி. கதவின் ரப்பரை விலக்கிக் காட்டினேன், உள்ளே வேறு கலர் பெயிண்ட் இருந்தது. அடிபட்ட வண்டி. ரெட்டியார்சத்திரத்தில் ஒன்று; தரைவிரிப்பைத் தூக்கினால் துரு. ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன்காரர் காட்டிய வண்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதனால் அதை அதிக நேரம் பார்த்தேன்.

“டாக்டர் வண்டிங்க தம்பி” என்றார் அவர். “ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் மட்டுந்தானுங்க போச்சு.”

“அப்ப பெடல் ரப்பரு எதுக்கு இம்புட்டுத் தேஞ்சிருக்கு?”

“டாக்டருக்குக் காலு கொஞ்சம் கனமுங்க.”

நான் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். அவர் பொறுமை போய்விட்டது. “ஏனுங்க, நீங்க காரு பாக்க வந்தீங்களா, இல்லீன்னா பொண்ணுக்கு மச்சம் எங்கிருக்குதுன்னு பாக்க வந்தீங்களா?”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அத்தைக்கு வியாதி என்று தெரிந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். நான் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, கிளட்ச் போகப்போகிறது, எஞ்சினில் ஆயில் கசிகிறது என்றேன். இரண்டும் உண்மை. இரண்டும் பட்டறையில் விட்டால் சரியாகிவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு காரை வேண்டாமென்று சொல்வதற்குப் பொய்யே தேவைப்படுவதில்லை சார். எந்தக் காரிலும் குறை இருக்கிறது.

கடைசியில் மாமா, புதுசே எடுத்துவிடுவோம் என்றார். அது ஐப்பசி மாதம். “ஜனவரில எடுப்போம் மாமா. இப்ப எடுத்தா ரெண்டு மாசத்துலயே போன வருசத்து வண்டின்னு ஆயிரும், விக்கிறப்ப வெல அடிபடும்” என்றேன். இதுவும் சரியான யோசனைதான். கார் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். மாமா ஒப்புக்கொண்டார்.

இனி அந்த நட்டு. பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்கு ஒரு எர்த் வயர் வரும். அதன் நட்டைத் தளர்த்திவிட்டால் விளக்கு மங்கலாக எரியும், ஹாரன் முனகும், ஸ்டார்ட்டர் மட்டும் டக் என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். செத்துப்போன வண்டி மாதிரி இருக்காது. இன்னும் ஒரு தடவை திருகினால் எழுந்துவிடும் போலிருக்கும். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. எங்கள் தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதன் மேலேயே போட்டு ரோட்டை உயர்த்திவிட்டார்கள். மாமாவின் ஷெட் இப்போது பள்ளத்தில் இருக்கிறது. ஆள் பலம் இல்லாமல் அந்த மேட்டில் ஏறாது.

அத்தைக்கு எப்போது வலி வரும் என்று எனக்குத் தெரியாது. அதனால் தினமும் சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்புமுன் நட்டைத் தளர்த்துவேன். காலையில் வந்ததும் முடுக்குவேன். பகலில் நான் கூடவே இருந்ததால் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. பகலில் வலி வந்திருந்தால் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இதில் நான் தவறாகவும் இருக்கலாம்.

நவம்பரில் ஒரு நாள் சாயங்காலம், சமையலறையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னாள்.

“ஒன்னு சொல்லணும் அப்பு. ஒங்க மாமா சொல்ல மாட்டாரு, நாஞ் செத்துப் போனா ஒனக்குத் தெரியாமலே போயிரும். ஒங்கம்மா போன அன்னைக்கு அவருக்குக் காரு ஓட்டத் தெரியாது.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னைக்கும் தெரியாது. காரு வாங்குனவனுக்கு ஓட்டத் தெரியலைன்னா ஊரு சிரிக்கும்னு வெளிய சொல்லல. திங்கக்கெழமதேன் டிரைவர் ஞானதாஸ் வாரதா இருந்துச்சு. நீ வந்து சொன்னதும் மேட்டுப்பட்டிக்கு ஓடுனாரு, அவனக் கூட்டியார. அவன் சின்னாளபட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டானாம். அங்கிட்டு இங்கிட்டு ஆளத் தேடி, வெறுங்கையோட வாரப்ப ஒங்க வீடு பூட்டிக் கெடந்துச்சு. கத்துக்கங்கன்னு நானும் எம்புட்டோ தடவ சொல்லிட்டேன். தொட மாட்டேங்கிறாரு.”

பிறகு, “செத்த நேரம் இரு, மோர் ஊத்துறேன்” என்றாள்.

மோரைக் குடித்தேன். அப்போது என் மனதில் ஓடியதை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். ஓட்டத் தெரியாதவர் வாரேன் என்று சொல்லலாமா? ஆள் தேடிப் பார்க்கிறேன் என்றிருந்தால் அம்மா குதிரை வண்டியில் ஏறியிருப்பாள். அவளைக் கொன்றது கார் வராதது அல்ல. வரும் என்ற சொல். இது நியாயமான கேள்வி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அடுத்தது, அத்தை அவர் மனைவி. அவர் சொன்னதைத்தான் அவளும் சொல்வாள். ஞானதாஸ் இன்னும் மேட்டுப்பட்டியில்தான் இருக்கிறார். சைக்கிளை மிதித்தால் போய்க் கேட்டுவிடலாம். எதையும் மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற நான், அதை ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஷெட்டுக்குப் போனேன். அன்றும் தளர்த்தினேன்.

டிசம்பரில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஞாயிறு எனக்கு விடுமுறை. சனிக்கிழமை தளர்த்தியது அப்படியே இருந்தது. கறிச்சோறு சாப்பிட்டுத் தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. மாமா என் வீட்டுக்கு ஓடி வந்தார். கைலி, பனியன், காலில் செருப்பில்லை. மூச்சு வாங்கியது.

“அப்பு, அத்தைக்கு வலி வந்துருச்சு. மாத்திரை வச்சும் கேக்கல.”

“நீங்க முன்னால போங்க மாமா. வாரேன்” என்றேன்.

அவர் திரும்பி ஓடினார். நான் முகம் கழுவினேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. அதைத் தாண்டி நடந்து போனேன்.

அத்தை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. நான் ஷெட்டுக்குள் இறங்கிச் சாவியைத் திருகினேன். டக். மறுபடி திருகினேன். டக். பானெட்டைத் தூக்கினேன்.

“என்னாச்சு அப்பு?”

“ஒன்னுமில்ல மாமா. இந்தா ஆயிருச்சு.”

ஒவ்வொரு வயராகத் தொட்டேன். எது என்று தெரிந்திருந்ததால் அதை விட்டுவிட்டு மற்றவற்றைத் தொட்டேன். மாமா ரோட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“ஆட்டோ பாத்துட்டு வரட்டா?”

“வேணாம் மாமா, அது குலுக்கும், அத்தைக்கு ஆகாது. வண்டி இந்தா கிளம்பிரும்.”

அவர் போகவில்லை. நான் சொன்னால் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நான்கு வருடம் அப்படித்தான் ஆகியிருந்தது. செம்பட்டி வண்டியையும் ஒட்டன்சத்திரம் வண்டியையும் என் ஒரு சொல்லில் வேண்டாமென்று விட்டவர் அவர். ஆட்டோவையும் அப்படியே விட்டார். இன்னொரு தடவை கேட்டார். இந்தா ஆச்சு என்றேன். அத்தை நாற்காலியிலிருந்து சன்னமாகச் சொன்னாள்:

“பையன அவசரப்படுத்தாதீக. அவன் பாத்துக்கிருவான்.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பையைப் பிடித்திருந்த கை தளர்ந்து தொங்கியதைப் பானெட்டுக்குப் பக்கவாட்டில் பார்த்தேன். நட்டை முடுக்கினேன். மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். கார் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பத்து வயதிலிருந்து நான் நினைத்திருந்தது அங்கே முடிந்திருக்க வேண்டும். மாமா என்னைப் பார்ப்பார், அவருக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வரும், எல்லாம் புரியும். இப்படித்தான் எதிர்பார்த்தேன். ஞாபகம் வரத்தான் செய்தது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்கம்மாவுக்கு என்னால வந்து சேர முடியல. இவளுக்கு ஒன்னால முடியல. ரெண்டு பேருமே சும்மா இருக்கல அப்பு. நீ மனசுல வச்சுக்கிட்டு அழியாத. நான் அழிஞ்சது போதும்.”

ஊரிலும் அப்படியே சொல்லிவைத்தார். பையன் எவ்வளவோ போராடினான், பாழாய்ப்போன வண்டி காலை வாரிவிட்டது என்றார். ஜனவரியில், நான் சொன்னபடியே, சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன வண்டி எடுத்தார். சீட்டு உறையை அன்றைக்கே அவர் கையால் கிழித்து எறிந்தார். சாமியார் எப்போது வருகிறார் என்று கேட்டேன்.

“மந்திரிக்கிறதெல்லாம் அப்புறம். வண்டி ஒன் வீட்டு வாசல்லயே நிக்கட்டும். சாவியும் ஒங்கிட்டயே இருக்கட்டும். ராத்திரியோ பகலோ, எவன் வந்து ஆஸ்பத்திரிக்குன்னு நின்னாலும் எடுத்துட்டுப் போ. எங்கிட்டக் கேக்காத.”

இரண்டு மாதமாக அந்த வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். பிரசவத்துக்கு இருவர், பாம்பு கடித்த ஒருவர். எல்லோரும் பிழைத்தார்கள். எல்லோரும் என்னைக் கும்பிட்டார்கள். நேற்று ஆரோக்கியம்மாள்கூட, “கஸ்பாரு வளத்த புள்ளைல்ல” என்றாள்.

அதனால்தான் வந்தேன். மனச்சாட்சி உறுத்தி வந்தான் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். நான் யோசித்துச் செய்ததை அவர் யாருக்கும் நேரக்கூடிய ஒன்றாக மாற்றிவிட்டார். தன் அருகில் என்னையும் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். எனக்கு அங்கே இடம் வேண்டாம். ஒன்று தெரியாமல் நடந்தது; இன்னொன்று தெரிந்து செய்தது. இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிய வேண்டும். ஆனந்தமேரி அத்தையை நான்தான் கொன்றேன். ஒரு நட்டாலும், வாரேன், இந்தா என்ற இரண்டு சொற்களாலும் கொன்றேன். இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அப்போது நான் எதிரே இருக்க வேண்டும். தோளில் வைத்த கையை அவர் எடுத்துக்கொள்வதை நான் பார்க்க வேண்டும். இது மட்டும்தான் நான் கேட்பது.

சற்று முன் உங்கள் ஏட்டய்யா அவருக்குப் போன் செய்தபோது, அவர் குரல் எனக்கும் கேட்டது. என்ன விஷயம் என்றுகூட முழுதாகக் கேட்கவில்லை. “பையன அடிச்சுக் கிடிச்சுப் போட்டுராதீகய்யா. இந்தா வாரேன்” என்றார்.

காத்திருப்போம் சார். கார் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. அது அவரிடம் இருந்தாலும் அவருக்கு ஓட்டத் தெரியாது. நடந்துதான் வருவார். நேரமாகும். ஆனால் வந்துவிடுவார்.